பழைய லேப்டாப்புக்கு எந்த ஓ.எஸ்.? – மாமனாரை முன்வைத்து

டிஸ்கியை முதலிலேயே போட்டுவிடுகிறேன். நான் பொட்டி தட்டுகிற ஆள் இல்லை. பி.காம். முடித்துவிட்டு வங்கியில் கடன் பத்திரங்களோடு மல்லுக்கட்டுகிறவன். ஒரு பழைய லேப்டாப்பை முன்னால் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று விழிக்கிற என்னைப் போன்றவர்களுக்காக மட்டும் இந்தப் பதிவு. விற்பன்னர்கள் பொறுத்தருள்க :-)

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. அதிலிருந்து இங்கே நாக்பூரில் நாலு தமிழ்க் குடும்பங்கள் எங்கே கூடினாலும், இட்லிக்குச் சட்னி வருவதற்குள் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. "தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்க சார்" என்பார் ஒருவர். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, அப்படியே ஓட்டுங்க" என்பார் இன்னொருவர். ஐ.டி. கம்பெனியில் இருக்கும் தம்பி ஒருத்தர் "லினக்ஸ் போடுங்கண்ணே" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். மூன்று பேர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் அந்த லேப்டாப்பை யார் பயன்படுத்துகிறார், எதற்குப் பயன்படுத்துகிறார் என்று மூன்று பேரும் கேட்பதில்லை. கடன் கேட்டு வருகிறவரிடம் "எதுக்கு?" என்று கேட்காமல் தொகையை எழுதுவது மாதிரி இது.

எங்கள் வீட்டில் அந்த லேப்டாப் மாமனாருடையது. வயது 74. கும்பகோணம் பக்கம் ஊர். கூட்டுறவுத் துறையில் தட்டச்சராகச் சேர்ந்து, 2009இல் ஓய்வு பெற்றவர். 2022இல் அத்தை போனபிறகு எங்களோடு வந்துவிட்டார். இந்தியும் மராத்தியும் தெரியாது. காலை 9 மணிக்கு நானும் தங்கமணியும் வேலைக்கு, மகள் பள்ளிக்கு என்று கிளம்பிவிட்டால் சாயங்காலம் வரைக்கும் அவரோடு தமிழில் பேச ஆள் கிடையாது. பேப்பர் படிப்பது, மதுரைத் திட்டத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழக நூலகத்திலும் பழைய புத்தகங்கள் தேடுவது, கும்பகோணத்தில் இருக்கும் தங்கையோடு வீடியோவில் பேசுவது எல்லாம் அந்த லேப்டாப்பில்தான். அதற்கு மேலே, 2011இலிருந்து தன் ஊரைப் பற்றி எழுதிக்கொண்டு வருகிறார். எந்தத் தெருவில் யார் வீடு, எந்த வாய்க்கால் எப்போது தூர்ந்தது, நெசவாளர் சொசைட்டி எப்படி நடந்தது என்று 214 பக்கம் ஆகியிருக்கிறது.

ஆதரவு முடிந்த செய்தியைப் பேப்பரில் படித்துவிட்டு அவரே கேட்டார். "மாப்பிள்ளை, ஊரைத்தான் மாத்தியாச்சு. இதையும் மாத்தணுமா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. நம்மைப் போல வெளியூரில் இருந்துகொண்டு பெற்றவர்களை அழைத்து வைத்திருப்பவர்களுக்கு இது புரியும். அவர்கள் யாரையும் கேட்காமல் தாங்களே செய்துகொள்ளும் காரியங்கள் ஏற்கெனவே குறைந்துபோயிருக்கின்றன. மிச்சம் இருப்பதில் நாம் கை வைக்கும்போது பார்த்து வைக்கவேண்டும்.

சரி, மேட்டருக்கு வருவோம். மாற்றாமல் அப்படியே ஓட்டினால் என்ன? 2025 அக்டோபர் 15 காலையில் லேப்டாப் ஒன்றும் நின்றுவிடவில்லை. வழக்கம்போல மெதுவாகத்தான் எழுந்தது. ஆனால் மாதா மாதம் வந்துகொண்டிருந்த பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றுவிட்டன. விண்டோஸில் புதிதாக ஓட்டை கண்டுபிடித்தால் விண்டோஸ் 11இல் அடைப்பார்கள். இரண்டும் பங்காளிகள் என்பதால் அதே ஓட்டை பெரும்பாலும் 10லும் இருக்கும். அடைத்த இடத்தைப் பார்த்தே திருடன் அடைக்காத வீட்டில் எங்கே நுழையலாம் என்று தெரிந்துகொள்வான். ஆன்டிவைரஸ் இருக்கிறதே என்றால், வாசலில் நாய் கட்டியிருக்கிறோம், கொல்லைச் சுவர் இடிந்து கிடக்கிறது. மாமாவின் பென்ஷன் கணக்கை அவர் அந்த லேப்டாப்பில்தான் பார்க்கிறார். மற்ற எது எப்படியோ, வங்கிக்காரனான என்னால் அதை ஒத்துக்கொள்ள முடியவில்லை.

தனிநபர்களுக்குக் கூடுதலாக ஒரு வருடம், 2026 அக்டோபர் 13 வரைக்கும், பாதுகாப்புப் புதுப்பிப்பு தருவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. 30 டாலர் கட்டலாம், இல்லை மைக்ரோசாஃப்ட் கணக்கில் அமைப்புகளைச் சேமிக்கச் சம்மதித்தால் இலவசம். நல்லதுதான். ஆனால் அது தவணையைத் தள்ளிவைப்பது, கடன் தீர்வது ஆகாது.

எனவே ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவையும் ஒரு வெள்ளைத்தாளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். லேப்டாப்பில் அவர் செய்யும் வேலைகளை அவரே சொல்லச் சொல்ல எழுதினேன். பேப்பர், புத்தகம், வீடியோ பேச்சு, பென்ஷன் கணக்கு, தமிழ்த் தட்டச்சு, 214 பக்கம், எப்போதாவது பிரின்ட். மொத்தம் 7. இதில் முதல் நான்கும் உலாவிக்குள்ளேயே நடப்பவை. எந்த ஓ.எஸ். ஆனாலும் குரோமோ ஃபயர்பாக்ஸோ இருந்தால் முடிந்தது. மிச்சம் மூன்றுதான் உண்மையான பரீட்சை.

தாளின் பின்பக்கம் பொட்டியின் ஜாதகம். 2014இல் வாங்கியது. இன்டெல் ஐ3, 4ஆம் தலைமுறை. 4 ஜிபி ரேம், 500 ஜிபி சுழலும் ஹார்ட் டிஸ்க். 64 பிட். இந்தக் கடைசி விஷயத்தைக் கட்டாயம் பாருங்கள். ரொம்பப் பழைய 32 பிட் பொட்டி என்றால் வழிகள் குறைவு. லினக்ஸ் மின்ட் 2020இல் வந்த 20ஆம் வெளியீட்டோடு 32 பிட்டைக் கைவிட்டது. டெபியன் 2025இல் வந்த 13ஆம் வெளியீட்டில் 32 பிட் நிறுவியைத் தருவதில்லை.

இனி ஒவ்வொன்றாக.

விண்டோஸ் 11: 2021 அக்டோபரில் வந்தது. டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறைக்கு மேற்பட்ட பிராசஸரும் கேட்கிறது. எங்களுடையது தேறாது. குறுக்கு வழியில் போட்டுவிடலாம், அதற்குக் கருவிகள் உண்டு. ஆனால் தகுதியில்லாத கணினிக்குப் புதுப்பிப்பு வரும் என்று உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்லிவிட்டது. பாதுகாப்புக்காக மாற்றுகிறோம். உத்தரவாதம் இல்லாத இடத்துக்கே எதற்குப் போவது?

குரோம் ஓ.எஸ். ஃப்ளெக்ஸ்: கூகுள் 2022இல் வெளியிட்டது, இலவசம். பழைய பொட்டியிலும் சுறுசுறுப்பு. உலாவி மட்டும் போதும் என்கிறவர்களுக்கு இதைவிடச் சுலபமானது கிடையாது. ஆனால் கூகுள் கணக்கும் இணையமும் இருந்தால்தான் இதற்கு உயிர். ஆண்ட்ராய்டு செயலிகள் இதில் ஓடாது. மாமாவின் 214 பக்கம் பழைய எழுத்துருவில் இருக்கிறது. நமக்கு வேண்டிய எழுத்துருவை இதில் போட்டுக்கொள்வது சுலபமில்லை. அதனால் தள்ளுபடி.

லினக்ஸ்: இங்கேதான் புதியவர்களுக்குத் தலை சுற்றும். உபுண்டு, மின்ட், ஸோரின், லுபுண்டு என்று சரவண பவன் மெனு கார்டு மாதிரி நீளும். நம் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் உண்டு. 2011இல் தமிழ்நாட்டு அரசு கொடுக்க ஆரம்பித்த இலவச லேப்டாப்களில் பார்த்திருப்பீர்கள். நான் புரிந்துகொண்ட வரையில் உள்ளே என்ஜின் கிட்டத்தட்ட ஒன்றுதான். மேலே போட்டிருக்கும் சட்டைதான் வேறு. பழைய பொட்டிக்கு கனமில்லாத சட்டையாக எடுக்கவேண்டும். எக்ஸ்எஃப்சிஇ என்பது அப்படி ஒன்று.

நான் தேர்ந்தெடுத்தது லினக்ஸ் மின்ட் 22, எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. காரணம் மூன்று. கீழே இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம் என்று மாமா பழகிய இடத்திலேயே எல்லாம் இருக்கிறது. 2029 வரைக்கும் புதுப்பிப்பு உண்டு. டைம்ஷிஃப்ட் என்று ஒரு வசதி கூடவே வருகிறது. ஏதாவது புதுப்பிப்பு சொதப்பினால் நேற்றைய நிலைக்கே திரும்பிப் போய்விடலாம். மகள் இன்னும் இரண்டு வருடத்தில் ஹாஸ்டலுக்குப் போய்விடுவாள். எனக்கு டிரான்ஸ்ஃபர் ஆர்டர் எப்போது வரும் என்று தெரியாது. மாமாவே பார்த்துச் சமாளிக்கிற மாதிரி இருக்கவேண்டும், இல்லையா?

லினக்ஸ் என்றால் ஆபத்தே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2016 பிப்ரவரியில் இதே மின்ட்டின் இணையதளத்துக்குள் புகுந்து, பதிவிறக்கச் சுட்டியையே மாற்றி, விஷம் வைத்த பிரதியைக் கொடுத்தார்கள். ஒரு நாளில் கண்டுபிடித்து ஊருக்கே சொல்லிவிட்டார்கள். அதனால் பதிவிறக்கிய பிறகு, அவர்கள் கொடுத்திருக்கும் சரிபார்ப்பு எண்ணோடு நம்முடையது பொருந்துகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. செக்கில் கையெழுத்தை ஒத்துப் பார்க்கிற வேலைதான்.

புதியவர்களுக்கு லினக்ஸில் இருக்கும் பெரிய ஆறுதல், போடாமலேயே ஓட்டிப் பார்க்கலாம் என்பது. 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும். அதில் எட்சர் மாதிரி ஒரு கருவியால் மின்ட்டை ஏற்றி, லேப்டாப்பை ஆன் செய்யும்போது எஃப்12 அல்லது உங்கள் பொட்டிக்கு உரிய விசையைத் தட்டினால் பென்டிரைவிலிருந்தே எழுந்து நிற்கும். ஹார்ட் டிஸ்கைத் தொடாது. பென்டிரைவ் என்பதால் வேகம் குறைவாக இருக்கும், அதற்காகக் கை கழுவிவிடாதீர்கள். நாங்கள் மூன்று நாள் அப்படி ஓட்டினோம். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, கேமரா தெரிகிறதா, மூடித் திறந்தால் விழிக்கிறதா, பிரின்டர் பேசுகிறதா என்று தாளில் ஒவ்வொன்றாக டிக் அடித்தோம். சில பொட்டிகளில் வைஃபை சில்லுக்குத் தனியாக டிரைவர் போடவேண்டியிருக்கும். எங்களுக்கு எல்லாம் டிக். பிரின்டரில் ஸ்கேன் மட்டும் வரவில்லை. "ஸ்கேன் எனக்கெதுக்கு" என்று மாமா அதை அடித்துவிட்டார்.

அடுத்தது தட்டச்சு. மாமா தமிழில் ஹையர் பாஸ். அவர் விரலுக்குத் தெரிந்தது பழைய டைப்ரைட்டர் பலகை ஒன்றுதான். தமிழ் 99உம் தெரியாது, 'அம்மா'வை ஆங்கில எழுத்தில் அடிக்கிற நம் வழக்கமும் பிடிக்காது. விண்டோஸில் இதற்கென்று தனி மென்பொருள் வைத்திருந்தார். மின்ட்டில் ஐபஸ் என்கிற உள்ளீட்டுக் கருவியோடு எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் தமிழுக்கு ஃபொனடிக், தமிழ் 99, இன்ஸ்கிரிப்ட், டைப்ரைட்டர் என்று பட்டியலே வருகிறது. கடைசியைத் தேர்ந்தெடுத்துவிட்டு லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினேன். திரையைப் பார்க்காமல், விரலை மட்டும் வைத்து, 'யளனகபக' என்று ஒரு வரி முழுக்க அடித்தார். பிறகு மூக்குக்கண்ணாடியை இறக்கித் திரையைப் பார்த்தார். "சரியா இருக்கே" என்றார். எனக்கு அதற்குமேல் எந்த விமர்சனக் கட்டுரையும் தேவைப்படவில்லை.

இனி அந்த 214 பக்கம். அவர் வேலை பார்த்த காலத்துப் பழக்கத்தில் வானவில் எழுத்துருவில் அடித்தது. அந்தக் காலத்து எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தை ஒளித்து வைத்தவை. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் கிரேக்கமா லத்தீனா என்று தெரியாத எழுத்துகள் கொட்டும். மின்ட்டோடு வரும் லிப்ரே ஆஃபிஸில் முதலில் திறந்தபோது மாமாவின் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே! அவர் பழைய கணினியோடு வாங்கிய எழுத்துருவை எடுத்துப் போட்டதும் ஊர் திரும்பி வந்தது.

ஆனால் அதோடு விடக்கூடாது. ஓ.எஸ். மாறும் நேரம்தான் பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றச் சரியான நேரம். தமிழ்நாடு அரசே 2010இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. இதை மாற்றித்தர இலவசக் கருவிகள் இருக்கின்றன. ஆனால் முழுக்க நம்பிவிட முடியாது. பழைய முறையில் 'கொ' என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையில், முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால் என்று இருக்கும். யூனிகோடில் மெய்க்குப் பிறகுதான் உயிர்க்குறி. இதைக் கருவி பார்த்துக்கொள்ளும். ஆனால் இடையில் வரும் ஆங்கிலச் சொற்களையும் தமிழ் என்று நினைத்து உருட்டிவிடும். மாமா ஒரு மாதம் உட்கார்ந்து மெய்ப்புத் திருத்தினார். திருத்தும்போதே 9 பக்கம் கூடிவிட்டது. இப்போது அந்தக் கோப்பை என் மகள் தன் செல்போனில் திறந்து படிக்கிறாள். 14 வருடமாக அது அவர் ஒருவர் கணினியில் மட்டுமே தமிழாகத் தெரிந்துகொண்டிருந்தது!

கடைசியாக டிஸ்க். புதியவர்களுக்கு நான் தைரியமாகச் சொல்லக்கூடிய ஒரே யோசனை இது. பழைய ஹார்ட் டிஸ்கை அழித்து அதில் போடாதீர்கள். இரண்டையும் ஒரே டிஸ்கில் வைக்கிறேன் என்று பாகம் பிரிக்கவும் வேண்டாம். 250 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று வாங்கி, பழைய டிஸ்கைக் கழற்றிவிட்டு, புதியதில் லினக்ஸைப் போடுங்கள். சீதாபர்டியில் ஒரு கடையில் அரைமணி நேரத்தில் மாற்றிக்கொடுத்தார்கள். பழைய டிஸ்க், விண்டோஸும் கோப்புகளும் உள்ளபடியே, உறையில் போட்டு பீரோவுக்குள் போய்விட்டது. பிடிக்கவில்லை என்றால் திரும்ப மாட்டிக்கொள்ளலாம். திரும்பிப் போக வழி இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் மாமாவுக்கும் துணிச்சல் வந்தது. (இதற்கு முன்னால் கோப்புகளை வேறு இரண்டு இடத்தில் நகல் எடுத்துவிடவேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை. சொல்லிவிட்டேன்.)

வேகம் கூடியதில் பெரிய பங்கு எஸ்எஸ்டிக்குத்தான், ஓ.எஸ்.சுக்கு அடுத்த இடம்தான். முன்பு ஆன் செய்துவிட்டுக் காபி போட்டுக் குடித்துவிட்டு வரலாம். இப்போது டிகாக்‌ஷன் இறங்குவதற்குள் தயார்.

இது எல்லோருக்கும் பொருந்துமா? பொருந்தாது. டேலியில் கணக்கு எழுதுகிறவர்கள், எக்செல் மேக்ரோவை நம்பி வேலை செய்கிறவர்கள், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வைத்திருப்பவர்கள் லினக்ஸுக்கு அவசரப்பட்டுத் தாவவேண்டாம். அவர்களுக்குப் புதிய லேப்டாப்தான் மலிவு. பள்ளிக்கூடம் குறிப்பிட்ட விண்டோஸ் மென்பொருள் கேட்டாலும் அப்படியே. உலாவியைத் தவிர வேறெதையும் தொடாதவர்களுக்கு குரோம் ஓ.எஸ். ஃப்ளெக்ஸ் போதும்.

ஓ.எஸ். மாற்றியதால் ஏமாற்றுக்காரர்கள் ஒழிந்துவிடுவார்கள் என்றும் நினைக்கவேண்டாம். சென்ற மாதம் ஏதோ ஒரு தளத்தில் திரை முழுக்கச் சிவப்பாக, உங்கள் விண்டோஸில் வைரஸ், இந்த எண்ணைக் கூப்பிடுங்கள் என்று வந்ததாம். மாமா எனக்குப் போன் போட்டுச் சிரிக்கிறார். "மாப்பிள்ளை, நம்மகிட்ட விண்டோஸே இல்லையே, இவன் எந்த வீட்டுக் கதவைத் தட்டுறான்?" அது சரி. ஆனால் போனில் கூப்பிட்டு ஓடிபி கேட்பவனுக்கு நாம் என்ன ஓ.எஸ். வைத்திருந்தால் என்ன? பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிடமே 1930க்கு அழைக்கவேண்டும், வங்கிக்கும் சொல்லவேண்டும். இந்த எண்ணை லேப்டாப் மூடியில் ஒரு சீட்டில் எழுதி ஒட்டியிருக்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒட்டிவிடுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை நேரமிருந்தால், ஓ.எஸ். பெயர்களைத் தேடுவதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். லேப்டாப் வீட்டுப் பெரியவருடையது என்றால், பட்டியலை அவர் சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். எங்கள் தாளில் தட்டச்சு என்ற வரியை மாமா சொல்லியிருக்காவிட்டால் எனக்குத் தோன்றியிருக்காது.